கிராணியார் பதில்கள்: மல்லாந்து விழுந்த ஏஸ்

கேள்வி: ஐயா, தங்கச்சி கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி பந்தலில் ஆறு பேர் உட்கார்ந்து டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் ஆடினோம். ஆளுக்கு இரண்டு சீட்டைச் சுற்றுக்கு ஒன்றாகக் கவிழ்த்துப் போட்டு, பிறகு எல்லாருக்கும் பொதுவாக நடுவில் சீட்டு திறக்கிற ஆட்டம். காசு இல்லை, கச்சாங் பூத்தேதான் பணயம். அக்கா மகன் சீட்டுப் போட்டான். இரண்டாம் சுற்றில், மூன்றாவது ஆளான என் மச்சானுக்குப் போட்ட சீட்டு மல்லாந்து விழுந்தது. ஆர்ட்டின் ஏஸ்! "எனக்கு வந்தது எனக்குத்தான்" என்றார் அவர். "கலைத்துப் போடு" என்றேன் நான். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. யார் சொன்னது சரி?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இரண்டு பேர் சொன்னதும் தப்பு, தம்பி. காசு வைத்து ஆடியிருந்தால் 1953ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தை நினைத்து உங்கள் கடிதத்தை மடித்து வைத்திருப்பேன். கடலைதானே, சொல்கிறேன்.

போடுகிறவன் கைதவறித் திறந்த சீட்டை மச்சான் வைத்துக்கொள்ள முடியாது. அதற்காக ஆட்டத்தைக் கலைக்கவும் வேண்டாம். உடனே மாற்றியும் கொடுக்கக் கூடாது; நம் ஆட்கள் அங்கேதான் அவசரப்படுவார்கள். விரல்விட்டு எண்ணுங்கள். ஆறு பேருக்கு இரண்டிரண்டு என்றால் பன்னிரண்டு சீட்டு. மச்சானுடையது ஒன்பதாவது. அந்த இடத்திலேயே பத்தாவதைக் கொடுத்தால், அவருக்குப் பின்னால் இருக்கிற மூன்று பேருக்கும் வர வேண்டியது மாறிப்போகும். அதனால் பன்னிரண்டையும் போட்டு முடித்துவிட்டு, சீட்டுக்கட்டின் மேலே இருக்கிற பதின்மூன்றாவதை அவருக்குக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பதின்மூன்றாவது, நடுவில் மூன்று சீட்டு திறக்குமுன் 'பர்ன்' என்று ஒதுக்கித் தள்ள வேண்டியது. அதன் இடத்துக்கு இந்த ஏஸ் போய்விடும். நடுவில் திறக்கிற மூன்றும் பழையபடி பதினான்கு, பதினைந்து, பதினாறுதான். மச்சானைத் தவிர யாருக்கும் ஒரு சீட்டுகூட மாறாது. இதை யோசித்து வைத்தவன் கணக்கப்பிள்ளையாகத்தான் இருந்திருப்பான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

முதல் சீட்டே மல்லாந்தால் நீங்கள் சொன்ன மாதிரி கலைத்துப் போடலாம். ஒரே பங்கீட்டில் இரண்டு சீட்டு திறந்துவிட்டாலும் அப்படித்தான். மச்சானே கையில் எடுக்கும்போது கீழே நழுவவிட்டிருந்தால் பேச்சே இல்லை. ஊரே பார்த்தாலும் அது அவர் சீட்டு, அதோடுதான் ஆட வேண்டும்.

நான் தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்தபோது, பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றதும் லயத்து வாசலில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ரம்மி ஆடுவோம். ஒரு நாள் முறுக்கு தின்ற கையோடு நான் போட, இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்து ஒன்று திறந்துவிட்டது. வேண்டுமென்றே செய்தேன் என்று ஒரு தண்டல் என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. எண்ணெய்க் கைதான் காரணம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

உங்கள் அக்கா மகனும் பலகாரக் கையோடுதான் உட்கார்ந்திருப்பான். கையைத் துடைக்கச் சொல்லுங்கள். சீட்டைத் தூக்கிப் போடாமல் மேசையோடு ஒட்டித் தள்ளட்டும். கட்டுக்கு அடியில் ஒரு ஜோக்கரை வைத்துக்கொண்டால், அடிச்சீட்டு தெரிந்தது என்கிற அடுத்த சண்டையும் வராது.