இசைத்தட்டுக்குப் பின் முப்பதாண்டு மௌனம்

கேள்வி: அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியைச் சேர்ந்த, பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியக் கலைஞர் டாக் பாக்ஸ், 1920களிலேயே இசைத்தட்டுகளில் பாடியவர். அவர் ஏன் இடையில் நெடுங்காலம் வாசிக்காமல் இருந்தார்? அவருடைய பாடல்களில் எதை முதலில் கேட்கலாம்?

பதில்: வர்ஜீனியா மாநிலத்தின் நார்ட்டன் பகுதியில் 1898இல் பிறந்த டாக் பாக்ஸ், பன்னிரண்டு வயதிலேயே நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போனவர். அந்த மலைகளில் பலரும் விரல் நகத்தால் தந்திகளைக் கீழ்நோக்கித் தட்டி வாசித்துவந்த காலத்தில், கறுப்பினக் கலைஞர் ஒருவர் ஒவ்வொரு சுரத்தையும் தனியாகச் சுண்டி வாசித்ததைச் சிறுவயதில் பார்த்து, அந்த வழியையே தமதாக்கிக்கொண்டார். அவர் பாடும்போது பாஞ்சோ தாளத்துக்கு மட்டும் துணை நிற்பதில்லை. குரல் செல்லும் மெட்டையே சுரம் பிசகாமல் தொடர்ந்து செல்கிறது. வெள்ளையர்களின் மலைநாட்டுக் கதைப்பாடலும் கறுப்பினத்தவரின் சோகம் தோய்ந்த பாடல் வகையான புளூஸும் இவ்வளவு இயல்பாக ஒன்றிய குரல் அக்காலப் பதிவுகளில் மிக அரிது என்பது என் உறுதியான கருத்து.

1927இல் பிரன்சுவிக் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக நியூயார்க்கில் எட்டுப் பாடல்களைப் பதிவு செய்தார். 1929இல், ரிச்லேண்ட்ஸ் ஊரைச் சேர்ந்த மையர் என்பவர் தாம் எழுதிய பாடல்களை வெளியிடுவதற்காகத் தொடங்கிய லோன்சம் ஏஸ் நிறுவனத்துக்கு மேலும் நான்கு பாடினார். பெரும் பொருளாதார வீழ்ச்சியில் அந்நிறுவனம் மூழ்கியது; இசைத்தட்டு வாங்கும் வசதி மக்களிடமும் இல்லை. இசையால் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை அதோடு போயிற்று. குடியும் சண்டையும் சூழ்ந்த விருந்துகளில் கணவர் வாசிப்பதை, சமயப் பற்று மிகுந்த மனைவி சாரா விரும்பவில்லை என்பதும் ஒரு காரணம். பாஞ்சோவைக் கைவிட்டு, ஓய்வு பெறும்வரை சுரங்கத்திலேயே உழைத்தார். திறமை வற்றியதால் வந்த மௌனம் அல்ல அது.

இதற்கிடையில், ஹாரி சுமித் 1952இல் தொகுத்த அமெரிக்க நாட்டுப்புற இசைத் தொகுப்பில் அவருடைய இரண்டு பழைய பதிவுகள் இடம்பெற்று, அவரை ஒருபோதும் கண்டிராத இளைஞர்களை ஈர்த்தன. 1963இல் நாட்டுப்புற இசைக் கலைஞர் மைக் சீகர் நார்ட்டனுக்கே சென்று அவரைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் வாசித்த பாக்ஸ், ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக மீண்டும் பதிவுகள் செய்து, 1971இல் காலமானார்.

முதலில் 'கன்ட்ரி புளூஸ்' பாடலைக் கேளுங்கள். 1927ஆம் ஆண்டுப் பதிவையும் 1960களில் அவரே மீண்டும் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்டால், இத்தனை ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் அவருடைய வாசிப்பு முறை அடிப்படையில் மாறவில்லை என்பது தெளிவாகப் புலப்படும்.