எத்தனை வான்கோழி? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் பக்கம் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் பிறந்துவிட்டால் என் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுப் பேச்சு முழுக்கக் காட்டு வான்கோழி வேட்டைதான். ஒருவர் வாழ்நாளில் 62 அடித்ததாகச் சொல்கிறார். அலபாமாவிலிருந்து வந்தவர் 110 என்கிறார். உடனே எந்த மாநிலத்தில் ஆளுக்கு எத்தனை அனுமதி, எது நியாயம் என்று சண்டை. உயிரைக் கொன்றுவிட்டு எண்ணிக்கை சொல்லிப் பெருமைப்படுவது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கேட்டால், 'எங்கள் காசில்தான் காடே பிழைத்தது' என்கிறார்கள். மயிலைப் பார்த்துத் தானும் ஆடிய வான்கோழி, பள்ளிக்கூடப் பாட்டிலிருந்து ஞாபகம் வருகிறது. இந்த வருடம் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமா?

சரவணன்

*

அன்புள்ள சரவணன்,

ஆளுக்கு இவ்வளவுதான் என்று அரசாங்கம் ஒரு எண்ணைச் சொன்னதும் மனிதர்கள் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

முதலில் அந்த அருவருப்பை மடித்து உள்ளே வையுங்கள். நவம்பரில் இதே அலுவலகத்தில் தேங்க்ஸ்கிவிங் வான்கோழி விருந்து வைத்தால் தட்டை நீட்டத்தானே போகிறீர்கள்? அந்தப் பண்ணை வான்கோழிக்கு மார்புச் சதையைப் பெருக்கிப் பெருக்கி, இப்போது அதனால் இயற்கையாக இணை சேரவே முடியாது. மனிதன் கையால் கருவூட்டினால்தான் குஞ்சு. அதைத் தின்றுவிட்டு, விடியற்காலைக் குளிரில் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பறவைக்காகக் காத்திருப்பவனைப் பார்த்து முகம் சுளிக்க உங்களுக்கு உரிமை இல்லை. பள்ளிக்கூடப் பாட்டை இன்னொரு நாள் பேசலாம்.

காசு விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. 1937ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி உண்டு. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. உண்மையை ஒப்புக்கொண்டு மேலே போவோம்.

இனி அந்த 62, 110. ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். மிசௌரியில் வசந்தகாலப் பருவத்தில் ஆளுக்கு இரண்டு. 31 வருடம் போனால் 62. அலபாமாவில் பல காலம் ஆளுக்கு ஐந்து இருந்தது. 22 வருடம் போனால் 110. வகுத்தால் மீதி வரவில்லை, கவனித்தீர்களா? இரண்டு பேரும் மார்தட்டிச் சொன்னது அவரவர் மாநிலத்தின் எண்ணைத்தான். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எந்த ஊரில், எந்தக் காலத்தில் நின்றார்கள் என்பதற்கு மேல் அதில் ஒரு தகவலும் கிடையாது.

அந்த 62காரரின் தாத்தா இதே மிசௌரியில் இதைவிட நல்ல வேட்டைக்காரராக இருந்திருக்கலாம். அவருடைய எண் பூஜ்யமாக இருந்திருக்கும். 1937ல் அங்கே வான்கோழி வேட்டையை மூடினார்கள். 1960 வரை திறக்கவில்லை. காட்டை வெட்டி, கணக்கில்லாமல் சுட்டு, மாநிலம் முழுக்கத் தேடினாலும் சில ஆயிரம் பறவைகள்தான் என்ற நிலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இதற்கிடையில் பண்ணையில் வளர்த்த பறவைகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை. தாய்க்கோழியோடு திரியாத குஞ்சுக்குப் பருந்தையும் தெரியாது, நரியையும் தெரியாது, ராத்திரியில் மரமேற வேண்டும் என்பதும் தெரியாது. கடைசியில் மிச்சமிருந்த காட்டுப் பறவைகளையே பிடித்துப் புது இடங்களில் விட்டார்கள். மிசௌரியில் 1954ல் பெக் ராஞ்ச் என்ற இடத்தில் இந்த வேலை ஆரம்பித்தது. மக்காச்சோளத்தைத் தூவிவிட்டு மறைந்திருப்பார்கள். கூட்டம் கூடித் தலை குனிந்து கொத்தும்போது சிறு பீரங்கி மாதிரி ஒன்றை வெடித்து அவற்றின் மேல் வலையை வீசுவார்கள். அமுக்கிப் பிடித்து, அட்டைப்பெட்டியில் போட்டு, வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து விடுவார்கள். பிறகு மற்ற மாநிலங்களும் கேட்டு வாங்கிக்கொண்டன. கென்டக்கி பதிலுக்கு நீர்நாய் கொடுத்தது! நாடு முழுக்க இந்த வேலை நடந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வான்கோழி அறுபது லட்சத்தைத் தாண்டியது. பெட்டியைத் திறந்துவிட்ட அந்த ஆட்களில் எவராவது சாப்பாட்டு மேஜையில் 'நான் வாழ்நாளில் இத்தனை விட்டேன்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

லிமிட் என்பது உச்சவரம்பு. அதற்கு மேலே போகாதே என்கிற கோடு. ஆனால் மனிதன் அதை ஒதுக்கீடாக எடுத்துக்கொள்கிறான். எங்கள் தெருவில் ரேஷன் கடையில் கோதுமை போட்டால், சப்பாத்தியே சுடாத வீட்டிலிருந்தும் பையோடு ஓடுவார்கள். என் அம்மாவும் ஓடுவாள். "வாங்காட்டி கார்டை அடிச்சிருவான்டா" என்பாள். அந்தக் கோதுமை டப்பாவில் கிடந்து வண்டு விழுந்து, கடைசியில் மாட்டுக்குப் போகும். உங்கள் அலுவலகத்து ஆட்கள் செய்வதும் இதுதான். இரண்டு என்று சொன்னால் இரண்டு எனக்கு வரவேண்டியது. ஒன்றோடு நிறுத்தினால் ஒன்று நஷ்டம். பக்கத்து மாநிலத்தில் அதிகம் கொடுத்தால் எனக்கு அநியாயம். உச்சவரம்பு மூன்று என்றால் ஒன்றோடு நிற்பவனுக்கு ஒரு குறையும் இல்லை, பூஜ்யத்தோடு நிற்பவனுக்கும் இல்லை. இதைச் சொன்னால் என் நண்பர்கள் 'மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்யா' என்று எழுந்து போகிறார்கள். நீங்கள் கடிதம் எழுதி மாட்டிக்கொண்டீர்கள், உட்கார்ந்து கேளுங்கள்.

இதில் வேடிக்கை, பெரும்பாலான வேட்டைக்காரர்கள் ஒரு பருவத்தில் ஒன்றுகூட அடிப்பதில்லை. லிமிட்டை எட்டுபவர்கள் கொஞ்சம் பேர்தான். 2022ல் அலபாமா ஐந்தை நான்காக்கியது. அதே வருடம் ஜார்ஜியா மூன்றை இரண்டாக்கியது. டென்னசி நான்கிலிருந்து 2021ல் மூன்றுக்கும் 2023ல் இரண்டுக்கும் இறங்கியது. வலித்தது அந்தக் கொஞ்சம் பேருக்குத்தான். சத்தம் போடுபவர்களும் அவர்கள்தான். பறவையின் விதி வேறு இடத்தில் எழுதப்படுகிறது. பெட்டை தரையில் முட்டையிட்டு நான்கு வாரம் அடைகாக்க வேண்டும். மரநாய் மாதிரி ரக்கூன் என்றொரு விலங்கு வரும், பாம்பு வரும், பொரித்த முதல் வாரத்தில் குளிர்மழை பெய்தால் குஞ்சுகள் விறைத்துச் சாகும். வசந்தத்தில் தாடி, அதாவது மார்பில் தொங்கும் முடிக்கொத்து, உள்ளதை மட்டும்தான் சுடலாம் என்ற விதி இருப்பதே பெட்டைகளைக் காப்பாற்றத்தான். சேவல்களைச் சீக்கிரமே சுட்டால் இணை சேர்வது கெடுமோ என்ற கவலையில் சில மாநிலங்கள் திறக்கும் தேதியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கின்றன. அது சரியா இல்லையா என்று ஆய்வாளர்களே வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆக அந்த இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் உயிரியலாளர் சொன்னதும் வேட்டைக்காரர் கேட்டதும் மாநில வனவிலங்கு ஆணையம் ஒத்துக்கொண்டதும் கலந்த எண்கள்.

ஓசார்க் மலைப்பக்கம் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை அழைத்துப் போனார். இருட்டில் ஒரு ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். அவர் வாயைக் குவித்து ஆந்தை மாதிரி கத்தினார். சற்றுத் தள்ளி மரத்தின் மேலிருந்து சேவல் பொறுக்க முடியாமல் பதில் சொன்னது. நம் ஊரில் கேட்டுப் பழகிய பண்ணை வான்கோழியின் குரல்தான், ஆனால் மலையே அதிர்கிறது. பிறகு பெரியவர் உள்ளங்கையளவு ஸ்லேட் வட்டு ஒன்றை எடுத்து ஒரு குச்சியால் மெல்லக் கீறினார். அச்சு அசலாகப் பெட்டையின் குரல். இயற்கையில் சேவல் கூவும், பெட்டை தேடிப் போகும். வேட்டைக்காரன் அதைத் தலைகீழாக்கி, சேவலைப் பெட்டையிடம் நடக்க வைக்கவேண்டும். கஷ்டமெல்லாம் அங்கேதான். அன்றைக்கு நிஜப் பெட்டைகள் இரண்டு முந்திக்கொண்டன. சேவல் இறங்கி அவற்றின் பின்னால் சரிவில் போய்விட்டது. பெரியவர் என் இருமல்தான் காரணம் என்றார். நான் இருமவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி பழைய மார்புக்கறியைத் துண்டுபோட்டு மாவில் புரட்டிப் பொரித்துக் கொடுத்தார். பெரியவர் நாற்காலியில் சாய்ந்து, இதுவரை 71 என்றார். அந்தம்மா வாணலியைவிட்டுத் திரும்பாமல், "நான் சமைத்தது நாற்பதுதான்" என்றார். மிச்சம் எங்கே என்று நான் கேட்கவில்லை. பெரியவரும் சொல்லவில்லை.

முன்பெல்லாம் இந்தக் கணக்குக்குச் சாட்சி உண்டு என்று அந்தம்மாதான் சொன்னார். அடித்த பறவையைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பெரும்பாலும் பெட்ரோல் பங்க் அல்லது மளிகைக்கடை வாசல். ஊரே கூடி நின்று தூக்கிப் பார்க்கும், தாடியை அளக்கும், கால்முள்ளை விரலால் தடவி வயதைச் சொல்லும். இருபது வருடமாகத் தொலைபேசியிலும் இணையத்திலும் பதிவு செய்தால் போதும். வாசலில் நடந்த பேச்சு இப்போது உங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்திருக்கிறது, பறவை இல்லாமல், எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு. இதிலும் காட்டு வான்கோழியின் குறிப்பிட்ட நாலு உள்ளினங்களையும் அடித்தால் கிராண்ட் ஸ்லாம், அலாஸ்கா தவிர 49 மாநிலத்திலும் அடித்தால் சூப்பர் ஸ்லாம் என்று தனித்தனிப் பட்டங்கள் வேறு. கிரிக்கெட் புள்ளிவிவரம் ஒப்பிக்கும் நம் ஆட்கள் சிரிக்க வேண்டாம்.

போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். துப்பாக்கியைத் தொடாமல் பக்கத்தில் உட்காருங்கள். உடம்பில் எங்கேயும் சிவப்பு, வெள்ளை, நீலம் தெரியக்கூடாது. சேவலின் தலை அந்த மூன்று நிறத்தில்தான் இருக்கும். அரையிருட்டில் எவனாவது உங்களைப் பறவை என்று நினைத்துச் சுட்டுவிடுவான். கைக்குட்டையைக்கூட வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்