ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தது யார்?

கேள்வி: அக்கா, சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடையில் ஒன்பது வருஷமாக நிற்கிறேன். பெண்களுக்குச் சம உரிமை, நியாயமான வியாபாரம் என்றெல்லாம் எம்.எல்.ஏ., எம்.பி.க்கள் சபையில் கேள்வி கேட்டதாகப் பேப்பரில் வருகிறது. அதனால் என் கால்வலி குறையுமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: "வேலை பார்க்கிறேன்" என்றுகூட எழுதவில்லை, "நிற்கிறேன்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே எல்லாம் வந்துவிட்டது.

உங்கள் கால்வலிக்கென்றே சட்டம் இருக்கிறது தங்கச்சி. 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில், 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றம் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் உட்கார, ஆண் பெண் எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் வருஷக்கணக்கில் போராடி வாங்கியது அது.

அண்ணன் மகள் வளைகாப்புக்குப் புடவை எடுக்க நானும் எம்.சி. ரோட்டுக்குப் போயிருந்தேன். கடையில் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பிளவுஸ் பிட் அட்டைப்பெட்டி மூன்று. எனக்குப் புடவை பிரித்துக் காட்டிய பெண், ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டே இருந்தாள். முதலாளியிடம் கேட்டேன். "ஸ்டூல் போட்டிருக்கோமே மேடம்" என்றார். பொய் சொல்லவில்லையே!

சபைக் கேள்வியும் இப்படித்தான். மக்களவையில் நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அதன்பிறகு துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லையென்றால் பதில் காகிதத்தில் வரும், மடக்கிக் கேட்க வழியில்லை. "பெண் ஊழியர் நலனுக்கு அரசு என்ன செய்கிறது?" என்று கேட்டால் திட்டப் பட்டியலைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு மட்டும் நாற்காலி எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.

அதனால் உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு இப்படி எழுதுங்கள்: "22-ஏ வந்த பிறகு வண்ணாரப்பேட்டையில் எத்தனை ஜவுளிக்கடைகளைத் தொழிலாளர் துறை ஆய்வு செய்தது? எத்தனை கடைக்கு அபராதம்? ஆய்வுக்குப் போனவர் ஊழியரிடம் பேசினாரா, முதலாளியிடம் மட்டுமா?" கடைப் பெயர் வேண்டாம், வேலைக்கு ஆபத்து. தெருப் பெயர் போதும். நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: அரசைக் கேட்டு எதுவாவது மாறியதுண்டா?
- வாசகர், ராயபுரம்

பதில்: உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீத வரி. அப்போது எம்.பி.யாக இருந்த சுஷ்மிதா தேவ் உட்படப் பலர் கேள்வி, மனு, கையெழுத்து என்று விடாமல் நச்சரித்தார்கள். 2018 ஜூலையில் வரி போயிற்று. ஆனால் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியை, வரிவிலக்குப் பெற்ற பொருளில் கம்பெனிகள் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் 12 சதவீதமும் அப்படியே விலையில் இறங்கிவிடும் என்று சொல்ல முடியாது. சரி, எவ்வளவுதான் இறங்கியது என்று பாக்கெட்டைப் பார்க்கலாமென்றால், எங்கள் தெரு மருந்துக்கடையில் இன்னமும் நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால்தான் விலை தெரியும்.