ஆள் மாறிய வேலன்

அன்புள்ள ஐயா,

கொடைக்கானல் மலையில், பண்ணைக்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோயில் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் வள்ளி திருமணம் வைப்போம். ராஜபார்ட், அதாவது வேலனாக வருபவர், மதுரைக்காரர், பல வருடமாக அவர்தான். இந்த முறையும் நோட்டீஸில் அவர் படம்தான் பெரிதாக இருந்தது. நாடகத்தன்று மத்தியானம் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாகப் போன் வந்தது. பதிலுக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஓர் இளைஞரை ஏற்றி அனுப்பினார்கள். அவர் மேடைக்கு வந்ததுமே விசில், "எங்க ஆளு எங்கடா" என்று கூச்சல். பாட்டில் பல இடங்களில் குரல் எடுபடவில்லை. பின்பாட்டுக்காரர்தான் தாங்கிப் பிடித்தார். இரண்டு மணிக்குப் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. பேசிய தொகையைக் குறைக்க வேண்டும் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். மும்பையில் இருக்கும் என் மகள் 2025 மார்ச்சில் அங்கே வந்த 'ஃபாண்டம் ஆஃப் தி ஓப்பரா' இசை நாடகத்தைப் பார்த்தவள். "அங்கெல்லாம் ஆள் மாறுறது சகஜம்ப்பா, யாரும் கத்த மாட்டாங்க" என்கிறாள். எங்கள் சனம் செய்தது தப்பா?

ம.

அன்புள்ள ம.,

கூட்டம் எழுந்து போனதை முதலில் பேசிவிடுவோம். அந்த இளைஞர் மேல் சுமத்தப்பட்டதில் அதுதான் பெரிய அநியாயம். கீழே வத்தலக்குண்டிலோ நிலக்கோட்டையிலோ நாடகம் என்றால் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். பபூன் வந்தால் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார்கள், மறுபடி ஒரு தூக்கம் போடுவார்கள், விடியும்போது கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மலையில் அது நடக்காது. பனி இறங்கினால் கம்பளிக்குள்ளும் குளிரும். அதைவிட முக்கியம், தோட்டத்து வீடுகளுக்குத் தனியாகத் திரும்ப முடியாது. வழியில் காட்டுமாடு நிற்கும். அதனால் டார்ச் வைத்திருப்பவர் எழுந்தால் அந்தத் திசைக்குப் போகிற குடும்பங்கள் எல்லாமே எழும், மேடையில் யார் பாடினாலும் சரி. மதுரைக்காரர் பாடிய வருடங்களில் இரண்டு மணிக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று கமிட்டியில் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மகள் சொன்னது உண்மை. ஆனால் அவர் பார்த்தது வேறு வகை நாடகம். அது 1986இல் லண்டனில் தொடங்கியது. நியூயார்க்கில் மட்டும் 1988 ஜனவரியிலிருந்து 2023 ஏப்ரல் வரை 13,981 காட்சிகள் நடந்திருக்கிறது. முதலில் ஃபாண்டமாக நடித்த மைக்கேல் க்ராஃபோர்டைப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் மிகச் சிறு பகுதிதான். மற்ற எல்லோரும் பார்த்தது அவருக்குப் பின்னால் வந்தவர்களை. (நாயகன் பாதி முகத்தை முகமூடியில் மறைத்துக்கொண்டுதான் வருகிறான். ஆள் மாற்றுவதற்கென்றே எழுதியதுபோல!) அங்கே ஒவ்வொரு முக்கிய வேடத்துக்கும் பதிலாள் தயாராக இருப்பார். எந்த இடத்தில் நிற்பது, எந்தச் சுரத்தில் தொங்குவிளக்கு விழுவது, எல்லாம் முன்பே முடிவானது. புதிதாக வருபவர் அந்தத் தடத்தில் நடந்தால் போதும், அவரைச் சுற்றியுள்ள எதுவும் மாறாது.

நம்மிடமும் அப்படி ஒன்று இருந்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், அதைப்போன்ற மற்ற பாய்ஸ் கம்பெனிகளும் (சிறுவர்களே எல்லா வேடமும் போடும் நாடகக் குழுக்கள்) ஆள் மாறுவதை எதிர்பார்த்தே நடந்தவை. பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், அடுத்த பையனுக்குப் போகும். அவனும் அதே வாத்தியாரிடம் அதே பாடத்தை மனப்பாடம் செய்தவன்தான். உங்கள் மகளின் ஃபாண்டம் அந்த வீட்டுப் பிள்ளை.

உங்கள் ஊருக்கு வருவது ஸ்பெஷல் நாடகம். அதில் கம்பெனியும் இல்லை, ஒத்திகையும் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூனும் டான்ஸும் இன்னொரு ஊர். தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அன்றிரவு மேடைக்குப் பின்னால்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, அந்தத் தைரியத்தில் திரை ஏறுகிறது. அப்படிப் பார்த்தால் அந்த மேடையில் நிற்கிற ஒவ்வொருவரும் பதிலாள்தான். அப்புறம் ஏன் ஒருவர் மாறியதும் இத்தனை தடுமாற்றம்?

தர்க்கத்தால். தினைப்புனத்தில் ஆலோலம் பாடுகிற வள்ளியிடம் வேடனாக வரும் வேலன் பேச்சுக்கொடுக்கிறான். அவள் மடக்குகிறாள், அவன் வேறு வாசலால் நுழைகிறான். பல வருடம் சேர்ந்து நடித்த இருவருக்குள் இது பழகியிருக்கும். இவர் எந்த வரியில் இழுப்பார், அவர் எங்கே வெட்டுவார் என்பது தெரியும். உங்கள் சனம் அன்றைக்குத் தேடியது அந்த ஜோடிப் பேச்சை.

குரல் எடுபடாததற்கும் காரணம் அங்கேயே இருக்கலாம். தனிப்பாட்டு என்றால் ஆர்மோனியக்காரர் ஆளுக்கு ஏற்றபடி கட்டையை, அதாவது சுருதியை, மாற்றிக்கொள்வார். தர்க்கத்தில் வரிக்கு வரி மாற்ற முடியாது. இருவரில் ஒருவர் மற்றவருடைய சுருதிக்கு வந்தாக வேண்டும். மதுரைக்காரரும் வள்ளியாக வரும் அம்மாவும் ஒரு கட்டையில் ஒத்துப்போயிருப்பார்கள், புதியவருக்கு அது எட்டாத உயரமாகவோ அடித்தொண்டையாகவோ இருந்திருக்கும். போதாததற்கு மலைக்குளிர் வேறு. சமவெளியில் பாடிப் பழகிய தொண்டை இங்கே ஏறியதும் வறண்டுபோகும்.

வள்ளியாக வந்த அம்மாவைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆள் மாறிய இரவில் நான் கவனிப்பது அவரைத்தான். முன்பின் தெரியாத வேலனிடம் எந்தக் கேள்வியைப் போடலாம், எதைப் போட்டால் அவர் கூட்டத்துக்கு நடுவே திணறுவார், எங்கே பதிலைத் தாமே எடுத்துக் கொடுத்து நகர்த்திவிடலாம் என்பதையெல்லாம் பாடிக்கொண்டே முடிவு செய்ய வேண்டியவர் அவர். அதை அவர் செய்திருப்பார், இல்லையென்றால் நாடகம் கல்யாணம் வரை போயிருக்காது.

நாடக மேடையில் சேர்ந்து பாடி நடித்த கிட்டப்பா–சுந்தராம்பாள் ஜோடியை நினைத்துப் பாருங்கள். 1933இல் கிட்டப்பா இருபத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்துதான். அந்த இடத்தில் வேறு ஒருவரை நிறுத்திப் பாட எத்தனையோ பேர் கிடைத்திருப்பார்கள். அவர் எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று நிறுத்திக்கொண்டார். 1935இல் சினிமாவுக்கு வந்தபோது நந்தனாராக, ஆண் வேடத்தையே தாமே போட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் அப்படி இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். தையிலிருந்து ஆடிவரை கிடைக்கிற இரவுகளை வைத்து வருடத்தை ஓட்டுகிறவர்களுக்கு யார் வந்தாலும் சேர்ந்து பாடுவதுதான் தொழில்.

விசிலடித்தது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். வந்தவுடன் அடித்த விசிலை நான் தப்பென்று சொல்லமாட்டேன். நோட்டீஸில் ஒரு முகம், மேடையில் வேறு முகம் என்றால் சனம் கேட்கத்தான் செய்யும். ஆனால் அந்த விசில் போய்ச் சேர வேண்டிய இடம் கமிட்டி. மத்தியானமே தெரிந்த செய்தி. அன்பளிப்புத் தருகிறவர் பெயரையெல்லாம் நிறுத்தாமல் வாசிக்கிற மைக் கையில் இருக்கிறது. "அவருக்கு உடம்பு முடியவில்லை, இவர் நமக்காக ஏறி வந்திருக்கிறார்" என்று ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மகள் சொல்கிற ஊர்களில் யாரும் கத்தாததற்குப் பாதிக் காரணம் இதுதான். அரங்க வாசலிலேயே இன்று இந்த வேடத்தில் இன்னார் என்று பலகை வைப்பார்கள், கையில் தரும் நிகழ்ச்சித் தாளில் துண்டுச்சீட்டு செருகியிருப்பார்கள்.

தொகையைக் குறைக்கக் கூடாது. சில மணி நேர அவகாசத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வராமல் ஏறி, இன்னொருவர் படம் போட்ட நோட்டீஸுக்கு முன்னால் நின்று விடியும்வரை பாடியவருக்குப் பேசியதைக் கொடுங்கள். அட்வான்ஸில் ஏதாவது கழிக்க வேண்டுமானால் அதை மதுரைக்காரரோடும் ஏஜெண்டோடும் பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் இளைஞரையே கூப்பிடலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தால், முதலில் அந்த அம்மாவிடம் கேளுங்கள், பிறகு ஆர்மோனியக்காரரிடம். இருவரும் சரி என்றால் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். நோட்டீஸில் அவர் படத்தையே போடுங்கள். வள்ளியின் படமும் அதே அளவில் இருக்கட்டும்.