கட்டையை விற்கலாம், தழையை விற்காதீர்கள்: எரிபொருள் விளைச்சலும் மண்வளமும் – கேள்வி பதில்

அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு தாவரக் கழிவையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்ற கொள்கையை மத்திய மின் அமைச்சகம் அக்டோபர் 2021-இல் வெளியிட்டது. கரும்புச் சோகைக்கும் (காய்ந்த தோகை) பருத்தி மாருக்கும் (காய்ந்த செடித்தண்டு)கூட வாங்க ஆள் வரும் காலம் இது. விவசாயிகளிடமிருந்து வந்த கேள்விகள் பலவற்றில் விலை இருக்கிறது. விற்கும் பாரத்தோடு நிலத்திலிருந்து என்னென்ன போகிறது என்பது இல்லை. பதில்களை அந்தப் பக்கமாகவே சொல்கிறோம்.

சம்பா அறுப்பு முடிந்ததும் வைக்கோலைச் சுருட்டிக் கட்டி எடுத்துப்போகிறார்கள். ஏக்கருக்கு 2 டன் வரை போகிறது. எப்படியும் கொளுத்தத்தான் போகிறோம், கொடுத்தால் என்ன? (நன்னிலம் பகுதி)

காற்றுக்கு நல்லது. நிலத்துக்கு நல்லதா என்றால், ஒவ்வொரு சத்துக்கும் விடை வேறு.

ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்), 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் (சாம்பல் சத்து) இருக்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) சொற்பம். 2 டன் போனால் அரை மூட்டைக்குக் குறையாத யூரியாவும், ஒரு மூட்டைக்கு மேல் பொட்டாஷ் உரமும் வண்டியேறிவிட்டன என்று வையுங்கள். கொளுத்தினால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாகிவிடும். சாம்பல் சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் போகும், மீதி வயலிலேயே கிடக்கும். ஆகவே சாம்பல் சத்தை மட்டும் பார்த்தால், கொளுத்துவதைவிட விற்பதில்தான் நிலத்துக்கு நட்டம் அதிகம். இதை யாரும் சொல்வதில்லை. வைக்கோல் விலையிலிருந்து ஒரு மூட்டை பொட்டாஷ் விலையைக் கழித்துவிட்டு, மிஞ்சுவதை வருமானம் என்று எண்ணுங்கள். களிமண்ணில் இந்தக் குறை தெரியப் பல ஆண்டுகள் ஆகும். மணற்பாங்கான நிலத்தில் இரண்டு மூன்று போகத்திலேயே அடி இலைகளின் ஓரம் காய்ந்து காட்டிக்கொடுக்கும்.

இழப்பைக் குறைக்க வழி உண்டு. வைக்கோலில் உள்ள பொட்டாசியம் பெரும்பாலும் நீரில் கரையும் நிலையில் இருக்கிறது. ஒரு நல்ல மழையில் நனையவிட்டு, காய்ந்த பிறகு கட்டினால் கணிசமான பகுதி மண்ணுக்கு இறங்கிவிடும். பொட்டாசியம் மிகுந்த வைக்கோல் கொதிகலனுக்கும் ஆகாது. சாம்பல் உருகிக் குழாய்களில் படியும். டென்மார்க்கின் மின் நிலையங்கள் மழையில் நனைந்து வெளுத்து, பிறகு காய்ந்த வைக்கோலை விரும்பி வாங்குவது இதனால்தான். மாட்டுக்கு விற்பவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. மாட்டுக்குப் போகும் வைக்கோல் சாணமாகவாவது ஊருக்குள் திரும்புகிறது என்பது வேறு கணக்கு.

இன்னும் இரண்டு விஷயம். அறுவடை இயந்திரம் உதறிய வைக்கோலை மட்டும் கட்டட்டும். நிற்கும் தாளை ஒட்ட அறுத்துக் கட்ட விடாதீர்கள். அடுத்தது ஈரம். அரையடி ஆழத்து மண்ணைக் கையில் உருட்டிப் பாருங்கள். கயிறுபோல் நீண்டால் டிராக்டரை இறக்கவே கூடாது. அந்த ஈரத்தில் ஏறிய சக்கரம் இறுக்கிய மண்ணை அடுத்த புழுதி உழவும் முழுதாகப் பிளக்காது. அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்த வயலென்றால் இளம் பயிரும் நசுங்கும். அங்கே முளை நிமிர்வதற்குள் கட்டி முடிக்கச் சொல்லுங்கள், இல்லையேல் அந்த ஆண்டு விற்பனையே வேண்டாம்.

கடலோர மணலில் சவுக்கு. நான்காம் ஆண்டு வெட்டப் போகிறேன். வியாபாரி தழை, சுள்ளி, வேர்க்கட்டை எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டுக்கொள்கிறேன் என்கிறார். (கடலூர் மாவட்டம்)

கட்டையைக் கொடுங்கள், தழையைக் கொடுக்காதீர்கள். மரத்தின் எடையில் தழையும் சிறு சுள்ளியும் சிறு பங்குதான். ஆனால் தழைச்சத்து செறிந்து கிடப்பது அவற்றில்தான். சுண்ணாம்புச் சத்து பட்டையில் இருக்கிறது. உள்கட்டையில் சத்து மிகக் குறைவு. அது பெரும்பாலும் காற்றிலிருந்து வந்த கரி. தைல மரமானால் பட்டையையும் வயலிலேயே உரித்துப் பரப்பிவிடுங்கள்.

வெட்டிய மரத்தைத் தழையோடு இரண்டு மூன்று வாரம் அப்படியே காயவிடுங்கள். ஊசித்தழை தானாக உதிரும், தூக்கும்போது மீதியும் கொட்டும். எடை குறைந்துவிடுமே என்பீர்கள். உண்மைதான். 50 சதவீத ஈரமுள்ள ஒரு டன் மரம் 30 சதவீத ஈரத்துக்கு வந்தால் 714 கிலோ நிற்கும். ஆனால் அந்த 714 கிலோ எரியும்போது தரும் வெப்பம், பச்சையாக எரித்த ஒரு டன் தருவதைவிடச் சற்று அதிகம், ஏனெனில் தண்ணீரை ஆவியாக்கும் செலவு குறைகிறது. ஆகவே டன் விலை 1.4 மடங்காவது கேளுங்கள். ஈரம் பார்த்து விலை போடும் ஆலைக்கு இது புரியும். இடைத்தரகருக்குப் புரிந்தாலும் புரியாததுபோல் இருப்பார்.

வேர்க்கட்டை விஷயத்தில், அடுத்து மணிலா (நிலக்கடலை) போடுவதென்றால் பிடுங்கித்தான் ஆக வேண்டும். அப்போது மண்ணை நன்றாக உதறிவிட்டு ஏற்றுங்கள். வேரோடு போகும் மண்ணுக்கு ஆலையும் எடையில் கழிப்பார்கள். மறுபடி சவுக்குதான் என்றால், தரையை ஒட்ட அறுத்துவிட்டுப் பழைய வரிசைகளுக்கு நடுவில் நடுங்கள். மணலைக் கிளறிப் போட்டுக் கோடைக்காற்றுக்குக் கொடுப்பது நட்டம். சவுக்கு வேர்முடிச்சில் வாழும் ஃபிராங்கியா நுண்ணுயிர் காற்றின் தழைச்சத்தை நிலைநிறுத்தும் என்பதால் உரமே வேண்டாம் என்று சிலர் விடுகிறார்கள். மணிச்சத்து போதாத மண்ணில் முடிச்சே சரியாகப் பிடிக்காது. நடும்போது குழியில் சூப்பர் பாஸ்பேட் இடுங்கள்.

ஆலையில் சாம்பல் இலவசமாகத் தருகிறார்கள், லாரி வாடகை மட்டும் நம்முடையது. எவ்வளவு போடலாம்?

முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன எரித்தார்கள்? நிலக்கரி கலந்ததென்றால் வேண்டாம். பெயின்ட் அடித்த பழைய மரம், மருந்தேற்றிய மரம் கலந்ததென்றால் கண்டிப்பாக வேண்டாம். எங்கே எடுத்தது? அடுப்பின் அடியில் விழும் சாம்பல் மேலானது. புகைபோக்கி வழியில் பிடிக்கும் நுண்சாம்பலில் காட்மியம் போன்ற உலோகங்கள் சேர்ந்திருக்கும். மூன்றாவது உங்கள் நிலத்தைப் பற்றியது: கார அமில நிலை (pH) என்ன?

மரச்சாம்பலில் தழைச்சத்து கிடையாது. சுண்ணாம்பும் பொட்டாசியமும் கொஞ்சம் மணிச்சத்தும் உண்டு. அது கடும் காரம். நீலகிரி, கன்னியாகுமரிச் செம்புரை மண்போன்ற புளித்த (அமிலத்தன்மை மிகுந்த) நிலங்களுக்கு அருமையான பொருள். கார அமில நிலை 7.5-க்கு மேல் இருக்கும் நிலத்தில் போட்டால் துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிடைக்காமல் இலை வெளுக்கும். ஸ்வீடனில் காட்டு நிலத்துக்குப் பத்து ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 3 டன் என்பதே மேல்வரம்பு. அதாவது ஏக்கருக்கு 1.2 டன். லாரி கணக்கில் கொட்டுவது உரமிடுதல் ஆகாது, ஆலையின் குப்பையை அப்புறப்படுத்துவதுதான். யூரியாவோடும் டிஏபி உரத்தோடும் கலக்கவே கூடாது: அம்மோனியா வாசனை வந்தால் உங்கள் பணம் பறக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் இடையில் இரண்டு வாரமாவது விடுங்கள்.

அரிசி ஆலையின் உமிச்சாம்பல் வேறு. அது பெரும்பாலும் சிலிக்கா, அதாவது சிலிக்கான் ஆக்சைடு. பொட்டாஷுக்கு மாற்று என்று நம்பிப் போடாதீர்கள். வைக்கோல் விற்ற நெல் வயலுக்கு மட்டும் அது ஒருவகையில் பொருத்தம், வைக்கோலோடு மிக அதிகம் போன சத்து சிலிக்கான்தான்.

கரும்புச் சோகையை முழுக்க விற்றுவிடலாமா?

கட்டைப் பயிர் (வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கரும்பு) விடுவதென்றால் கூடாது. ஏக்கருக்கு 4 முதல் 5 டன் கிடைக்கும் சோகையில் பாதியையாவது ஒரு பார் விட்டு ஒரு பாரில் பரப்புங்கள். களை அடங்கும், ஈரம் நிற்கும், இளங்குருத்துப் புழுவும் குறையும். மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். சோகை பரப்பிய வயல் ஒரு மாதம் மஞ்சளாவது அதனால்தான். ஒரு டன் சோகைக்கு 8 முதல் 10 கிலோ யூரியா கூடுதலாகக் கொடுத்துவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. சக்கை எப்படியும் கரும்போடு ஆலைக்குப் போய்விட்டது. பதிலுக்குப் பிரஸ்மட் (சாற்றை வடிகட்டும்போது மிஞ்சும் கசடு) கேட்டு வாங்குங்கள்.

பருத்தி மார்?

தயங்காமல் விற்கலாம். வயலில் விட்டால் காய்ந்த காய்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கும். பிடுங்குவதற்கு முன் ஆட்டுக்கிடை போட்டுவிடுங்கள். இலையையும் பிஞ்சையும் ஆடு தின்று புழுக்கையாகப் போட்டுவிடும், கட்டை மட்டும் போகும். வீட்டோரம் மாதக்கணக்கில் அடுக்கி வைத்தால் புழுவுக்கு இடம் மாறியதுதான் மிச்சம்.

சாண எரிவாயுபோல் புல்லிலிருந்து வாயு எடுக்கும் ஆலைக்குக் கம்பு நேப்பியர் புல் பயிரிட ஒப்பந்தம் கேட்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்? (ஈரோடு மாவட்டம்)

ஸ்லரி (வாயு எடுத்தபின் மிஞ்சும் கூழ்) திரும்பி வருமா என்பதை. ஒரு டன் பசும்புல்லில் தோராயமாக 2 கிலோ தழைச்சத்தும் 3 கிலோ பொட்டாசியமும் போகும். ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 100 டன் அறுத்தால் 200 கிலோவும் 300 கிலோவும். எந்த நெல் வயலும் இவ்வளவு இழப்பதில்லை. நல்ல செய்தி, எரிப்பதுபோல் அல்லாமல் செரிகலனில் (புல்லைப் புளிக்கவைக்கும் மூடிய தொட்டி) பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் வாயுவாகப் போகின்றன. உரச்சத்துகள் ஏறக்குறைய அப்படியே ஸ்லரியில் தங்கும். ஆனால் பல ஆலைகள் ஸ்லரியைப் பிழிந்து, ஏற்றிச் செல்ல எளிதான திடப்பகுதியை மட்டும் தரும். பொட்டாசியமும் அம்மோனியா வடிவத் தழைச்சத்தும் நிற்பது பிழிந்த தண்ணீரில். ஒப்பந்தத்தில் ‘திரவமும் சேர்த்து’ என்று எழுதி வாங்குங்கள். மாலையில் சாலில் விட்டு உடனே மண்ணால் மூடுங்கள். வெயிலில் மேலே தெளித்தால் அம்மோனியா வடிவத் தழைச்சத்தில் பாதி காற்றோடு போகலாம்.

நிலம் இளைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் (மண்ணின் மட்கில் உள்ள கரி) என்ற வரியைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வைக்கோலும் தட்டையும் விற்பதை நிறுத்துங்கள். பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து 45-ஆம் நாள் பூக்கும் முன் மடக்கி உழுங்கள். 0.75-ஐத் தாண்டினால் பாதியை விற்கலாம்.

மாதிரி எடுப்பதில்தான் தவறு நடக்கிறது. வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் தவிர்த்து 10 முதல் 15 இடத்தில் அரையடி ஆழத்துக்கு ‘V’ வடிவக் குழி வெட்டி, பக்கவாட்டில் ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோவாகக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே மாதத்தில் எடுத்து அதே ஆய்வகத்துக்குக் கொடுங்கள். கரிமம் மெல்ல நகரும் பொருள். ஓராண்டில் ஏறியதாகவோ இறங்கியதாகவோ காட்டினால் அது பெரும்பாலும் மாதிரி எடுத்ததில் உள்ள வேறுபாடு. நான்கைந்து ஆண்டு எண்களை அடுக்கிப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.