பாரிஸ் போக 5.5 லட்சம் போதும். கிழமை பார்த்துப் புறப்படுங்கள்

கேள்வி: நான் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. மகளுக்கு 15 வயது. மே விடுமுறையில் பாரிஸ் போக வேண்டும் என்பது மூவருக்கும் பல வருட ஆசை. இதற்காக 5.5 லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறோம். டிராவல் ஏஜென்ட் பாரிஸ், சுவிட்சர்லாந்து இரண்டும் சேர்த்து ஏழு நாள் பேக்கேஜுக்கு 7.5 லட்சம் கேட்கிறார். குறைகிற 2 லட்சத்துக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா? விசாவுக்காக யாரிடமாவது 3 லட்சம் கைமாத்து வாங்கி அக்கவுன்ட்டில் போட்டுக் காட்டவும் சொல்கிறார். அங்கே செலவுக்குப் பணத்தை எப்படிக் கொண்டுபோவது, மிச்சத்தை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: லோனும் வேண்டாம், கைமாத்தும் வேண்டாம். கையில் இருக்கிற பணத்திலேயே மூவரும் ஆறு இரவு பாரிஸில் தங்கிவிட்டு, ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சத்தோடு திரும்பலாம். அதற்கு சுவிட்சர்லாந்தை இந்த முறை விட்டுவிட வேண்டும். எந்தக் கிழமை போய் இறங்குவது, எதை முதலில் புக் செய்வது, கார்டு மெஷினில் எந்த பட்டனைத் தொடுவது ஆகிய மூன்றையும் சரியாகச் செய்தால் போதும். பெரும்பாலானவர்கள் பணத்தை விடுவது இந்த மூன்று இடங்களில்தான்.

முதலில் லோன் கணக்கு. 2 லட்சத்தை 14 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 6,835 ரூபாய். வட்டி மட்டும் 46,000 ரூபாய், பிராசஸிங் கட்டணம் தனி. மகள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரி ஃபீஸ் கட்டுகிற வருடத்திலும் இந்தத் தவணை ஓடிக்கொண்டிருக்கும். பேக்கேஜில் இன்னொரு விஷயமும் உண்டு. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கும். விமான டிக்கெட்டையும் ஹோட்டலையும் நீங்களே தனித்தனியாக புக் செய்து, செலவுக்கு மட்டும் யூரோ வாங்கினால் அந்தப் பிடித்தம் வராது. ஃபாரெக்ஸ் (வெளிநாட்டுப் பணம்) வாங்குவதற்கான டிசிஎஸ் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால்தான்.

அடுத்தது விசா. கைமாத்து யோசனை ஏன் ஆபத்து என்பதை எண்ணிலேயே பார்க்கலாம். ஹோட்டல் புக்கிங் கையில் இருப்பவர் ஒரு நாளைக்கு 65 யூரோ செலவுக்கு வசதி உள்ளவர் என்று காட்டினால் போதும் என்பது பிரான்ஸின் அளவுகோல். புக்கிங் இல்லாவிட்டால் அது 120 யூரோ. மூன்று பேர், ஏழு நாள், 65 யூரோ என்றால் 1,365 யூரோ. யூரோவை 105 ரூபாய் என்று வைத்தால் சுமார் 1,43,000 ரூபாய். உங்களிடம் ஏற்கெனவே 5.5 லட்சம் இருக்கிறது! பிறகு எதற்குக் கைமாத்து? மூன்று மாத ஸ்டேட்மென்ட்டில் திடீரென்று 3 லட்சம் விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம்தான் மிஞ்சும். விசா மறுக்கப்பட்டால் கட்டிய கட்டணம் திரும்பாது. சம்பளம் மாதாமாதம் வந்து, மிச்சம் மெதுவாக ஏறுகிற சாதாரண ஸ்டேட்மென்ட்டே நல்லது. இந்தச் சேமிப்பு பல கணக்குகளில் சிதறிக் கிடந்தால், விண்ணப்பத்துக்கு நாலைந்து மாதம் முன்பே ஒரே கணக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

விசாக் கட்டணம் 12 வயது முடிந்த எல்லோருக்கும் 90 யூரோ. ஆகவே மகளுக்கும் முழுக் கட்டணம்தான். இதோடு விசா மையத்தின் சேவைக் கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு. மொத்தம் 40,000 ரூபாய் ஒதுக்குங்கள். மனைவி அரசு ஊழியர் என்பதால் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அது மேஜை மேஜையாக நகர்ந்து வர நாளாகும் என்பதால் எல்லா வேலைக்கும் முன்னால் அதற்கு எழுதிக் கொடுங்கள். பாஸ்போர்ட், அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். மே பயணம் என்றால் ஜனவரியிலேயே அப்பாயின்ட்மென்ட் எடுத்துவிடுங்கள். கோடை நெருங்க நெருங்க இடம் கிடைக்காது. இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் புக்கிங், விமானத்துக்கு ரிசர்வேஷன், காப்பீடு, விசா. அதன் பிறகே பணம் திரும்பாத டிக்கெட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். 'இன்று ஆஃபர், நாளை இல்லை' என்று முதலில் டிக்கெட் வாங்கிவிட்டு, விசா தாமதமானதால் மூன்று டிக்கெட் பணத்தையும் இழந்த குடும்பங்கள் உண்டு.

இனி கிழமை. பாரிஸில் திங்களன்று இறங்கி ஞாயிறன்று கிளம்புங்கள். அங்கே 'நவிகோ' என்ற வாராந்திர பாஸ் திங்கள் காலை தொடங்கி ஞாயிறு நள்ளிரவில் முடியும். வியாழக்கிழமை வாங்கினாலும் அதே ஞாயிறோடு காலி. 2026 கட்டணப்படி பாஸ் 32.40 யூரோ, அதற்கான அட்டை 5 யூரோ. சார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்து வரும் ரயில், மெட்ரோ, பஸ், வெர்சாய் அரண்மனைக்குப் போகும் ரயில் எல்லாம் இதில் அடக்கம். பாஸ் இல்லாமல் போனால் விமான நிலைய டிக்கெட் ஒரு வழிக்கு 14 யூரோ, மெட்ரோவில் ஒரு பயணத்துக்கு 2.55 யூரோ. போக வர 28, நடுவில் ஐந்து நாள் தினம் நாலு முறை ஏறி இறங்கினால் 51. ஆக 79 யூரோ. பாஸோடு 37.40. மூவருக்கும் சேர்த்து மிச்சம் ஏறக்குறைய 125 யூரோ, அதாவது 13,000 ரூபாய். கிழமை மாறியதற்கு மட்டும் இவ்வளவு!

அந்த அட்டையில் 3 செ.மீ. உயரம், 2.5 செ.மீ. அகலத்தில் புகைப்படம் ஒட்டிப் பெயரும் எழுத வேண்டும். படங்களை ஈரோட்டிலேயே வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். படம் ஒட்டாத அட்டையோடு பரிசோதகரிடம் சிக்கினால், பாஸ் இருந்தும் அபராதம் கட்ட வேண்டிவரும். ஒருவர் அட்டையை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது, மூவருக்கும் தனித்தனி. சாதாரண 2.55 யூரோ டிக்கெட் விமான நிலையத்துக்குச் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். இரவு வெகுநேரம் கழித்து இறங்கினால் டாக்ஸி எடுக்கலாம், கட்டணம் ஊர் நடுவே ஓடும் சேன் ஆற்றின் எந்தக் கரைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து நிர்ணயிக்கப்பட்டதுதான். ஆனால் வெளியே இருக்கும் அதிகாரபூர்வ டாக்ஸி வரிசையில் நில்லுங்கள். உள்ளேயே வந்து 'டாக்ஸி, டாக்ஸி' என்று கூப்பிடுகிறவரோடு போகாதீர்கள்.

அருங்காட்சியகங்களுக்கும் கிழமைதான். லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சேவும் வெர்சாய் அரண்மனையும் திங்களன்று. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு லூவர் கட்டணம் 2026 ஜனவரி 14 முதல் 32 யூரோ, முன்பு 22. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்த நாட்டவராக இருந்தாலும் இலவசம். ஆகவே மகளுக்கு மியூசியம் பாஸ் எதையும் வாங்க வேண்டாம். வெற்றி வளைவு, சென்ட் ஷாப்பெல் போன்ற தேசிய நினைவுச் சின்னங்களிலும் அவளுக்கு இலவசம்தான். இலவசம் என்றாலும் லூவருக்கு நேர முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் தவிர மற்ற மாதங்களில் முதல் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு மேல் லூவர் எல்லோருக்கும் இலவசம். அந்த வெள்ளி வருகிற வாரத்தைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் இருவருக்கான 64 யூரோவும் மிச்சம். மே 1 வெள்ளிக்கிழமையாக வந்தால் மட்டும் முடியாது, அன்று லூவருக்கு விடுமுறை.

காசே வாங்காத இடங்களும் நல்ல இடங்களே. 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர்தாம் தேவாலயம், பெத்தி பலே, கார்னவலே அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகள் எல்லாம் இலவசம். பாரிஸின் வரலாறு தெரிய கார்னவலே ஒன்றே போதும் என்பேன். ஈஃபில் கோபுரத்தில் இரண்டாம் தளம் வரை 674 படி. ஏறினால் பெரியவர்களுக்குச் சுமார் 15 யூரோ, லிஃப்டில் உச்சிக்குப் போனால் சுமார் 36. முழங்கால் ஒத்துழைத்தால் படியில் போங்கள். இரண்டாம் தளத்துக் காட்சி எதிலும் குறைந்ததல்ல.

சாப்பாட்டுக்கு மூவருக்கும் சேர்த்து நாளுக்கு 90 யூரோ வைக்கலாம், சிறு சமையலறை உள்ள அறை எடுத்தால். காலையில் பேக்கரி ரொட்டி, மதியம் வெளியே, இரவு அறையில் சோறு என்று பழக்கிக்கொள்ளுங்கள். ஹோட்டலில் தண்ணீர் கேட்டால் பாட்டிலைத் திறந்து வைத்துவிடுவார்கள். 'கராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். பில்லிலேயே சேவைக் கட்டணம் அடங்கியிருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை. நம் சாப்பாடு வேண்டுமென்றால் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் லா ஷப்பெல் இருக்கிறது. 1980களிலிருந்து அங்கே வந்து குடியேறிய ஈழத்தமிழர்களின் கடைகள் வரிசையாக உண்டு. தோசை, கொத்துரொட்டி, அரிசி, மசாலா எல்லாம் கிடைக்கும். ஆகவே பெட்டியில் பாதியை மளிகைக்கு ஒதுக்காதீர்கள். நெய், பால்கோவா, இறைச்சி வகைகளை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப் பொடி, ஊறுகாய் போதும்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது? முன்கூட்டியே யூரோ ஏற்றிவைக்கிற ஃபாரெக்ஸ் கார்டில் 800 யூரோ, ரொக்கமாக 200 யூரோ, கூடவே ஒரு கிரெடிட் கார்டு. ரொக்கத்தை 10, 20, 50 நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். 200 யூரோ நோட்டைச் சின்னக் கடைகள் தொடாது. யூரோவை விமான நிலைய கவுன்டரில் வாங்காமல், ஊரிலேயே இரண்டு மூன்று இடத்தில் ஒரே நாளில் ரேட் கேட்டு, குறைவான இடத்தில் வாங்குங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் வங்கி வழியாகவே செலுத்த வேண்டும். ஹோட்டலில் டெபாசிட் என்று கேட்டால் கிரெடிட் கார்டைக் கொடுங்கள். ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுத்தால் அவர்கள் பிடித்துவைக்கும் தொகை பல நாள் முடங்கிவிடும், சாப்பாட்டுக்கு வைத்த பணம் கார்டில் இருந்தும் எடுக்க முடியாது. கிளம்பும் முன் இரண்டு கார்டுக்கும் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் ஆன் செய்யுங்கள். ஓடிபி வருகிற சிம்முக்கு ரோமிங் இருக்கட்டும்.

கார்டு மெஷினில் நடப்பதைக் கவனமாகப் படியுங்கள். கார்டைச் செருகியதும் திரையில் சில நேரம் இரண்டு தொகை தெரியும்: ஒன்று யூரோவில், ஒன்று இந்திய ரூபாயில். ரூபாய் பழகிய எண் என்பதால் கை தானாக அங்கே போகும். அதைத் தொட்டால் கடைக்காரரின் வங்கி வைக்கிற ரேட், அதில் பல சதவீதம் லாபம் சேர்ந்திருக்கும். எப்போதும் யூரோவையே தொடுங்கள். ஊழியரே ரூபாயைத் தொட்டுவிட்டால் கையெழுத்துப் போடாமல், ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். ஏடிஎம்மிலும் 'கன்வர்ஷன்' கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள். சுற்றுலா இடங்களில் நிற்கிற தனியார் ஏடிஎம்மை விட்டு, வங்கிச் சுவரில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். கிரெடிட் கார்டில் பொதுவாக 3.5 சதவீத மார்க்-அப் (வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி சேர்க்கும் கட்டணம்), அதன் மேல் ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம் போகும். 846 யூரோ ஹோட்டல் பில்லுக்கு அதுவே சுமார் 3,670 ரூபாய். மார்க்-அப் குறைவான கார்டு கிடைத்தால் இப்போதே வாங்கிவைக்கலாம்.

மொத்தக் கணக்கு இப்படி வரும். விமானம் ஒருவருக்கு 65,000 என்றால் 1,95,000. அறை இரவுக்கு 130 யூரோ, அதோடு நகரச் சுற்றுலா வரி. மூன்று நட்சத்திர ஹோட்டலில் பெரியவர் ஒருவருக்கு இரவுக்கு 5 யூரோவுக்கு மேல் வரும், 18 வயதுக்குக் கீழ் இல்லை. இரண்டும் சேர்ந்து ஆறு இரவுக்கு 89,000. விசாவும் காப்பீடும் 40,000, சாப்பாடு 57,000, நுழைவுக் கட்டணம் 19,000, பாஸ் 12,000. மொத்தம் 4,12,000 ரூபாய். மிச்சம் இருக்கிற 1,38,000-ல் 60,000-ஐ அவசரத்துக்கு வங்கியிலேயே விட்டுவையுங்கள். மீதி டிக்கெட் விலை ஏறினால் தாங்கும்.

துணிமணி, வாசனைத் திரவியம் வாங்கினால் ஒரே கடையில் 100 யூரோவைத் தாண்டும்படி சேர்த்து வாங்கி, வரித் திருப்பப் படிவம் கேளுங்கள். 16 வயது முடிந்தவருக்கே அது உண்டு என்பதால் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். விமான நிலையத்தில் பெட்டியைப் போடுவதற்கு முன்னால் 'பாப்லோ' என்ற இயந்திரத்தில் அதை ஸ்கேன் செய்ய வேண்டும். பெட்டியைப் போட்டபின் பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வழியில்லை.

திரும்பி வந்ததும் ரொக்கமாகவோ கார்டிலோ மிஞ்சிய யூரோவை 180 நாளுக்குள் மாற்றிவிடுங்கள். 2,000 டாலர் மதிப்புக்குள் அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளவும் விதி அனுமதிக்கிறது. ஆனால் பயன்படுத்தாத கார்டுக்குச் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கும் என்பதால், கார்டில் உள்ளதை எடுத்துவிட்டு கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.