கேள்வி-பதில்: மார்கரெட் ரிவரில் பர்ஸ் பத்திரம்

கேள்வி: கணவர் ஒயின் பிரியர், நான் தொடமாட்டேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒயின் ஊரான மார்கரெட் ரிவரில் எனக்கு என்ன இருக்கிறது? (சிங்கப்பூர் வாசகி)

பதில்: பாதி ஊர் உங்களுக்குத்தான். லேக் குகை, போரனப் காரி மரக்காடு, 1895-இல் கட்டிய கேப் லூவின் கலங்கரை விளக்கம். ஹாமலின் பே கடற்கரையில் திருக்கைகள் கணுக்கால் தண்ணீர் வரைக்கும் வந்து காலைச் சுற்றும். பார்க்கக் காசு இல்லை. தொட வேண்டாம், வாலில் முள். பெர்த்திலிருந்து மூன்று மணி நேரம், ரயில் கிடையாது. காரை நீங்களே ஓட்டுங்கள். ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தொட்டாலே குற்றம்.

கேள்வி: திராட்சைத் தோட்டத்துக் கடையில் வாங்கிய ஒயின் பாட்டிலைத் திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. 'ரீஃபண்ட் கிடையாது' என்று போர்டைக் காட்டுகிறார்கள். (பெர்த் வாசகர்)

பதில்: கார்க் கெடுத்த ஒயின் அது. உங்கள் மீது தப்பே இல்லை. அந்த போர்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி அப்படி எழுதி மாட்டுவதே குற்றம். பொருளில் பெரிய குறை என்றால் பணமா, மாற்றுப் பொருளா என்று தீர்மானிப்பது வாங்கியவர், கடைக்காரர் அல்ல. தள்ளுபடியில் வாங்கினாலும் இதே சட்டம்தான். மிச்ச ஒயினைக் கொட்டிவிடாதீர்கள். பில்லோடு கொண்டுபோய்க் கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் வாங்கி, மாநில நுகர்வோர் பாதுகாப்புத் துறைக்கு அனுப்புங்கள். ஆனால் 'பிடிக்கவில்லை' என்பது குறை ஆகாது. லேபிள் அழகுக்காக நான் வாங்கிய ஒரு பெட்டி ஒயின் முழுக்கக் குழம்புக்குத்தான் போனது.

கேள்வி: சுவை பார்த்த இடத்தில் ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். இப்போது கார்டில் பணம் போய்க்கொண்டே இருக்கிறது.

பதில்: 'ஏதோ' படிவமா? அது ஒயின் கிளப், அவ்வப்போது பாட்டில் அனுப்பிக் கார்டில் பணம் எடுக்கும் சந்தா. ரத்து செய்யச் சொல்லி இன்றே மெயில் போடுங்கள். அடுத்த முறை படித்துவிட்டுக் குடியுங்கள்.

கேள்வி: வேலைக்காக அங்கே குடிபோகிறேன். வாட்ஸப்பில் வந்த வீட்டுப் படங்களை நம்பி அட்வான்ஸ் அனுப்பினேன். ஆளைக் காணோம்.

பதில்: வருத்தமாக இருக்கிறது. சுற்றுலா ஊரில் வாடகை வீட்டுக்கு அடிதடி. அந்தத் தவிப்பைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள். முதல் போன் வங்கிக்கு, அப்புறம் போலீஸ், மோசடிப் புகார் வாங்கும் அரசுத் தளமான ஸ்காம்வாட்ச். அங்கே முறையான அட்வான்ஸ் வீட்டுக்காரர் பையில் இருக்காது. அரசின் பாண்டு (வீட்டு அட்வான்ஸ்) நிர்வாகியிடம் கட்டியாக வேண்டும். அதற்கு ரசீது தராதவருக்கு ஒரு டாலர்கூட வேண்டாம்.

கேள்வி: சென்னைக்கு எத்தனை பாட்டில் வரியில்லாமல் கொண்டுவரலாம்?

பதில்: இரண்டு லிட்டர். 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டோடு நிறுத்துங்கள்.